"முடியுமா?" என்று மட்டும் கேட்கும் படிவம்

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைச் சுற்றியிருக்கும் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அரிக்கும் நோய். உலகில் 28 லட்சம் பேருக்கு மேல் இதோடு வாழ்கிறார்கள், ஆகவே நான் அபூர்வப் பிறவி ஒன்றும் இல்லை. ஆனாலும் இயலாமை உதவித்தொகைக்கான மதிப்பீட்டுக்குப் போகும்போதெல்லாம், எதிரே இருப்பவர் இப்படி ஒரு நோயை அன்றுதான் கேள்விப்படுகிறாரோ என்று தோன்றும்.

என் கோபம் முதலில் அந்தப் படிவத்தின் மேல்தான். தனியாகக் குளிக்க முடியுமா? முடியும். சட்டைப் பொத்தான் போட முடியுமா? முடியும். மாடிப்படி ஏற முடியுமா? ஏறலாம். எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்பதே நேர்மையான பதில். குளித்து முடித்துத் தலை துவட்டுவதற்குள் கை துவண்டுபோய், ஈரத் துண்டோடு கட்டிலில் கிடக்கிறேனே, அதை எழுத அங்கே கட்டம் இல்லை. வெந்நீரில் குளித்தால் இன்னும் மோசம். உடல் சூடு ஏறினால் இந்த நோயில் கண் மங்கும், கால் கனக்கும். உடலை வருத்தியபின் பார்வை மங்குவதை ஊத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-லேயே பதிவு செய்துவிட்டார். படிவம் அச்சடிப்பவர்களுக்குத்தான் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

மருத்துவர்களின் அளவுகோலும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. இந்த நோயால் வரும் இயலாமையை எண்ணால் அளக்க, நரம்பியல் நிபுணர் கர்ட்ஸ்கி 1983-ல் வெளியிட்ட ஈடிஎஸ்எஸ் என்ற அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 0 முதல் 10 வரை, அரை அரைப் புள்ளியாக ஏறும். 4-ஐத் தாண்டினால் பெரும்பாலும் நடைதான் கணக்கு: எத்தனை மீட்டர், தடியோடா, தடி இல்லாமலா. மருந்து ஆய்வுகளுக்கு அது பயன்படட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் என் பிழைப்பு கால்களை நம்பி நடப்பதல்ல. கணக்கு எழுதுவது என் தொழில். மதியத்துக்கு மேல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தும் தொகை மனதில் நிற்பதில்லை. அந்தச் சோர்வுக்கு அந்த அளவுகோலில் மதிப்பு சொற்பம்.

ஒருமுறை மதிப்பீட்டு அறையில், வாசலிலிருந்து நாற்காலி வரை நான் நடந்து வந்ததை மருத்துவர் கண்கொட்டாமல் பார்த்தார். உட்கார்ந்ததும், "நன்றாகத்தானே நடக்கிறீர்கள்!" என்றார். முந்தின நாள் முழுக்கப் படுத்துக் கிடந்து மிச்சம் பிடித்த நடை அது. 'துணையின்றி நடக்கிறார்' என்று அறிக்கையில் ஏறிவிட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டியதோ இதற்கு நேர் எதிர். விலை உயர்ந்த மருந்துக்கு முன் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமானால், மருந்து வேலை செய்கிறது, நோயின் புதிய தாக்குதல் இல்லை, எம்ஆர்ஐ-யில் புதுத் தழும்பு இல்லை என்று காட்ட வேண்டும். உதவித்தொகைக்கு, என்னால் முன்போல் இயங்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். இரண்டும் உண்மை. மருந்து புதுச் சேதத்தைத்தான் தடுக்கிறது, நடந்துபோன சேதத்தைச் சரிசெய்வதில்லை. இதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கோப்பிலிருந்து ஒரு வாக்கியத்தை உருவி மற்றதில் வைத்துப் பாருங்கள், நான் ஏமாற்றுக்காரி ஆகிவிடுவேன்.

இது ஏதோ ஓர் அதிகாரியின் கல்நெஞ்சம் என்று நான் நினைக்கவில்லை. அமைப்பே அப்படி வார்க்கப்பட்டிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 102) நோய்க்கால உதவியை ஒரு பகுதியாகவும் இயலாமை உதவியை வேறு பகுதியாகவும் வைத்தது. முன்னதை 26 வாரத்தோடு நிறுத்திக்கொள்ள அனுமதி உண்டு. பின்னதற்கு, சம்பாதிக்க முடியாத நிலை நிரந்தரமாகத் தோன்ற வேண்டும், அல்லது நோய்க்கால உதவி தீர்ந்த பிறகும் நீடிக்க வேண்டும். ஆறு மாதத்தில் எழுந்துவிடு, இல்லாவிட்டால் ஒரேயடியாக விழுந்துவிடு என்கிற மாதிரி. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருகிற உடம்பை எந்தப் பகுதியில் வைப்பது?

இதற்குத் தெளிவான சிந்தனை இல்லாமல் இல்லை. உடலின் இயக்கத்தையும் இயலாமையையும் விவரிக்க உலக சுகாதார நிறுவனம் 2001-ல் ஏற்ற ஐசிஎஃப் வகைப்பாடு, சோதனை அறையில் ஒருவரால் என்ன முடிகிறது என்பதையும், தன் சொந்தச் சூழலில் அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, 25-ஆவது பிரிவில், மருத்துவக் காப்பீட்டில் பாகுபாடு கூடாது என்றே சொல்கிறது. கருத்தரங்குகளில் இவை நன்றாகவே மேற்கோள் காட்டப்படுகின்றன.

படிவம் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மருத்துவரின் கடிதத்தில்தான் பாதி காரியம் இருக்கிறது. 'இவரால் வேலை செய்ய இயலாது' என்ற ஒற்றை வரி, எவ்வளவு பெரிய நிபுணர் எழுதினாலும், சல்லிக்காசு பெறாது. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, அதன்பின் எவ்வளவு நேரம் படுக்க வேண்டியிருக்கிறது, மாதத்தில் எத்தனை நாள் எழவே முடிவதில்லை, அதே காரியத்தை மறுநாளும் செய்ய முடிகிறதா என்று எழுதச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள். மருந்து ஏன் பலன் தருகிறது, இயலாமை ஏன் தொடர்கிறது என்ற இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி வாங்கினால், கோப்புகளை எதிரெதிரே நிறுத்த முடியாது.

கோரிக்கையை மறுத்தால், எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும். மேல்முறையீட்டுக் கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று முதலில் பாருங்கள், அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

படிவத்தில் கட்டத்துக்கு வெளியே எழுதினால் ஏற்க மாட்டோம் என்று என்னிடம் சொன்னார்கள். சரி என்று, 'முடியும்' என்ற ஒவ்வொரு பதிலுக்கும் நேரே 'இணைப்பைக் காண்க' என்று குறித்துவிட்டு, செய்து முடித்தபின் என்ன ஆகிறது என்பதைத் தனித்தாளில் எழுதி இணைக்கிறேன். இணைப்பில் எத்தனை பக்கம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி, அந்த எண்ணிக்கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தாள் காணாமல் போகும்.