சார்லஸ் ஃபாலிஸ் என்ன துணை நடிகரா?

நேத்து சுத்திக்கிட்டிருந்த அந்தப் பதிவைப் பார்த்திருப்பீங்க. ஃபாலிஸ் படத்தைப் போட்டு, "ஜாக்கி ராபின்சனைத் தேர்வு செய்ய பிராஞ்ச் ரிக்கிக்குத் தூண்டுதலாக இருந்தவர்"னு ஒரே ஒரு வரி. முடிஞ்சது அறிமுகம்! (ராபின்சன், அமெரிக்கப் பேஸ்பாலோட பெரிய லீக்ல நிறத்தடையை உடைச்ச கறுப்பின வீரர். ரிக்கி, அவரை எடுத்த அணி நிர்வாகி.)

தெரிஞ்சவரைக்கும், சம்பள ஒப்பந்தத்துல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடின முதல் கறுப்பின வீரர் ஃபாலிஸ். ஒஹையோவுல ஷெல்பி அணி, 1904 செப்டம்பர். அப்போ ராபின்சன் பிறக்கவே இல்ல.

ஃபாலிஸ் ஹாஃப்பேக், அதாவது பந்தை எடுத்துக்கிட்டு ஓடறவர். அன்னைக்கு ஃபார்வர்ட் பாஸ், அதாவது பந்தை முன்னால வீசறது, கிடையாது, 1906-ல தான் அனுமதிச்சாங்க. மூணு முயற்சியில அஞ்சு கெஜம் தாண்டணும். பந்து தலைக்கு மேல பறக்காதுன்னு தெரிஞ்சதால எதிரணி மொத்தமும் ஆட்டம் தொடங்கற கோட்டுப் பக்கத்துலயே நெருக்கியடிச்சு நிக்கும். பந்தோட ஓடறவர் அந்தக் கும்பலுக்குள்ளேயே தலையை விடணும். ஹெல்மெட் கட்டாயமில்ல. விழுந்தா மேல மேல வந்து விழுவாங்க. அந்தக் குவியலுக்குள்ள யார் முழங்கை யார் முகத்துலன்னு நடுவருக்குத் தெரியாது. கறுப்பர் ஒருத்தர் அடியில மாட்டினா என்ன நடக்கும்னு நான் விளக்கணுமா?

"ரிக்கி அவர்கூட ஷெல்பியில ஆடினது உண்மைதானே"ம்பீங்க. உண்மைதான், யார் மறுத்தா? ஆனா ரிக்கி தன் வாயால திரும்பத் திரும்பச் சொன்னது இன்னொருத்தர் கதை. ஒஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழக பேஸ்பால் அணியில இருந்த கறுப்பின வீரர் சார்லஸ் தாமஸுக்கு ஹோட்டல்ல அறை தர மறுத்த சம்பவம் அது. பெயர் ரெண்டும் சார்லஸ்ங்கறதால ஒண்ணாக் கட்டிடுவீங்களா?

"அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய லீக்கான என்எஃப்எல்லே 1920-ல தானே வந்துச்சு, அதுல ஆடின ஃப்ரிட்ஸ் பொல்லார்ட்தானே முதல் கறுப்பின தொழில்முறை வீரர்?" அப்படியா? 1892-ல 500 டாலர் வாங்கின ஹெஃபல்ஃபிங்கரை மட்டும் முதல் தொழில்முறை வீரர்னு எல்லாரும் எப்படி ஒத்துக்கறீங்க? அப்போ என்எஃப்எல் எங்க இருந்தது? வெள்ளைக்காரர் வாங்கினா சம்பளம், இவர் வாங்கினா பாக்கெட் மணியா?

1905-ல டொலிடோவுல கூட்டம் இவரைக் கேவலமாக் கத்தினப்போ, எதிரணி கேப்டன் ஆட்டத்தை நிறுத்தி அடக்கினார். நல்ல விஷயம். அதையும் அந்தக் கேப்டனோட பெருந்தன்மைக் கதையாத்தான் பகிர்றீங்க. அடி வாங்கினவர் யாரு சார்?

1906-ல காயம், ஃபுட்பால் முடிஞ்சது. அப்புறம் பேஸ்பால். 1910 ஏப்ரல்ல நிமோனியா. வயசு 31.

ரிக்கியைப் பாராட்டுங்க, வேண்டாங்கல. அதுக்கு ரிக்கி படத்தைப் போடுங்க.