பொது நிரல் நூலகத்துக்கு மலையகத்திலிருந்து என்ன கொடுக்கலாம்?

நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றில் பெயர் இருந்தால் கொழும்பில் வேலை நிச்சயம் என்ற அறிவுரை, ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இப்போது தாராளமாக வழங்கப்படுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பயிற்சி வகுப்பில், வார முடிவுக்குள் ஆளுக்கொரு புல் ரிக்குவெஸ்ட் (நாம் செய்த மாற்றத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோள்) அனுப்பிக் காட்ட வேண்டும் என்பதையே வீட்டுவேலையாகக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் ஆவணத்தில் ஒரு காற்புள்ளியை நகர்த்தினார். இன்னொருவர் ஒரு மாறியின் பெயரை நீட்டினார். வேறொருவர் வெற்று வரிகளை அழித்தார். அநேகமாக எல்லாமே ஏற்கப்படாமல் மூடப்பட்டன. “நாங்க தோட்டத்துப் பிள்ளைகள்னு தெரிஞ்சிருக்குமோ, சேர்?” என்று ஒரு தம்பி கேட்டார். தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியில் இருக்கும் மனக்குறையை அப்படியே விட்டுவிட மனமில்லாததால்தான் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நிரல் நூலகம் என்பது, பிறர் தங்கள் நிரலில் எடுத்துப் பயன்படுத்துவதற்காக எழுதிவைத்த ஆயத்த நிரல். தன்னார்வலர்கள் நடத்தும் நிரல் நூலகத் தொகுப்புகளில் நிரலுக்குப் பஞ்சமில்லை. வந்த நிரலைப் படித்துப் பார்க்க ஆளுக்குத்தான் பஞ்சம். பகலில் ஓரிடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டு, இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு கணினியைத் திறக்கும் ஒருவர்தான் பெரும்பாலும் மறுமுனையில் இருக்கிறார். நாம் அனுப்பும் ஒவ்வொரு மாற்றத்தையும் அவர் படிக்க வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், பதில் எழுத வேண்டும். அக்டோபர் மாதத்தில் நான்கு புல் ரிக்குவெஸ்ட் அனுப்புவோருக்கு டீ-சேர்ட் கொடுத்துவந்த ஹக்டோபர்ஃபெஸ்ட் இயக்கத்தில், 2020ஆம் ஆண்டு பொருளற்ற மாற்றங்கள் வெள்ளமாக வந்து குவிந்ததால், விரும்பி இணையும் திட்டங்களுக்கு அனுப்புபவை மட்டுமே கணக்கில் சேரும் என்று மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வெள்ளத்தில் நம்முடைய காற்புள்ளியும் ஒரு துளி என்றால், அதை மூடியவர்மேல் கோபப்பட நமக்கு நியாயமில்லை.

இத்தகைய தொகுப்புகளில் நான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவது, சி பிளஸ் பிளஸ் மொழிக்கான பூஸ்ட். 1998இல் பீமன் டாவ்ஸ் முதலியோரின் முயற்சியில் தொடங்கிய இத்தொகுப்பில் வளர்ந்த பல நூலகங்கள், அம்மொழியின் 2011, 2017 நியமங்களில் மொழியின் பகுதியாகவே சேர்ந்துவிட்டன. இன்று எல்லோரும் யோசிக்காமல் எழுதும், நினைவகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஷேர்ட் பாயின்டரும், கோப்புறைகளைக் கையாளும் ஃபைல்சிஸ்டமும் அங்கிருந்து போனவைதாம். அங்கே ஒரு புதிய நூலகத்தைச் சேர்க்க விரும்புபவர், நிரலை அனுப்பிவிட்டுக் கைகட்டிக்கொண்டு காத்திருக்க முடியாது. முதலில் இது பரிசீலிக்கத் தகுந்தது என்று அங்குள்ள வேறு சிலர் சொல்ல வேண்டும். பிறகு ஒரு மதிப்பாய்வுப் பொறுப்பாளர் முன்வர வேண்டும். அதன் பின் வழமையாகப் பத்து நாட்கள் பகிரங்க மதிப்பாய்வு நடக்கும். வடிவமைப்பு எப்படி, நிரல் எப்படி, ஆவணம் எப்படி, உண்மையிலேயே பயன்படுமா என்ற கேள்விகளோடு, மதிப்பாய்வு செய்பவரிடமே இன்னும் சில கேள்விகள் கேட்கப்படும்: இதை நீங்கள் ஓட்டிப் பார்த்தீர்களா? எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள்? இத்துறையில் உங்களுக்கு எவ்வளவு பழக்கம்? எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துப் பொறுப்பாளர் முடிவு சொல்வார். நிபந்தனையோடு ஏற்கப்படுவதும் உண்டு, நிராகரிக்கப்பட்டுத் திருந்தி மீண்டும் வருவதும் உண்டு.

இந்த ஒழுங்கில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. மதிப்பாய்வு எழுதுவதற்கு யாரும் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. பெரிய பட்டமும் கேட்பதில்லை. ஒரு நூலகத்தைத் தன் கணினியில் நிறுவி, ஆவணத்தில் உள்ள முதல் உதாரணத்தைத் தட்டச்சு செய்து, அது எந்த இடத்தில் புரியாமல் போனது என்று நேர்மையாக எழுதும் இரண்டாம் ஆண்டு மாணவரின் குறிப்பும் அங்கே எடைபெறும். நம் பயிற்சி வகுப்புகள் வீட்டுவேலையாகக் கொடுக்க வேண்டியது இதைத்தான். பிறருடைய நிரலைப் பொறுமையாகப் படிக்கப் பழகாதவர் எழுதும் நிரலை யாரும் பொறுமையாகப் படிக்கப் போவதில்லை.

நிரல் ஏற்கப்பட்டதோடு கதை முடிவதுமில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தேர் இழுக்க வடம் கொள்ளாத கூட்டம் நிற்கும். மறுநாள் காலையில் கிடாரம் கழுவ இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். நிரல் நூலகங்களிலும் நடப்பது இதுவே. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் புதிதாக வரும்போதும், பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போதும், பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய வரிக்கு இன்று ஒருவர் விளக்கம் கேட்கும்போதும் பதில் சொல்ல ஆள் வேண்டும். ஆசிரியர்கள் விலகிப்போன நூலகங்களைத் தாங்குவதற்கென்றே பூஸ்டில் தனியாக ஒரு தன்னார்வப் பராமரிப்புக் குழு இருக்கிறது.

அந்நியர் நிரலைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கும் காரணம் இல்லாமலில்லை. எக்ஸ்-செட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தைப் பல்லாண்டுகளாக ஏறத்தாழத் தனியொருவராகப் பராமரித்து வந்தவருக்கு உதவுவதாக வந்த ஒருவர், காலப்போக்கில் நம்பிக்கையைப் பெற்று இணைப் பராமரிப்பாளராகி, 2024இல் வெளியான இரண்டு பதிப்புகளில், பிறர் கணினிக்குள் இரகசியமாக நுழைய வழிவிடும் பின்கதவு ஒன்றை நுழைத்தார். தொலைக் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர் கவனித்துத் தோண்டியதால்தான், அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் அது அம்பலமானது. அதற்குப் பிறகு, முன்பின் தெரியாதவரின் மாற்றத்தைப் பராமரிப்பாளர் இரண்டு முறை படிக்கிறார் என்றால் அதில் இனமுமில்லை, ஊருமில்லை.

அப்படியானால் நாம் எதைக் கொடுப்பது? நம்மிடம் இருப்பதும் அவர்களிடம் இல்லாததுமான ஒன்று, தமிழ் எழுத்து கணினிக்குள் எங்கெங்கே உடைகிறது என்ற அன்றாட அறிவு.

கொட்டகலை என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஐந்து எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட் நியமத்தில் அது எட்டுக் குறியீட்டுப் புள்ளிகளாகவும் (அதாவது எட்டு எண்களாகவும்) இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். முதலெழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக எழுதினால் எட்டு. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக எழுதினால் ஒன்பது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினி மட்டும் இரண்டும் வெவ்வேறு என்று சொல்லும். இந்தப் பிரச்சினை நமக்கு ஏன் அதிகம் என்றால், இலங்கையில் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் மலைபோலக் கிடக்கின்றன. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பை முதலிலும் ககரத்தை அடுத்தும் காலைக் கடைசியிலும் அடிப்போம். அதை யுனிகோடுக்கு மாற்றும் கருவி அவசரமாக எழுதப்பட்டிருந்தால், கொம்பை மட்டும் இடம் மாற்றிவிட்டுக் காலைச் சேர்க்காமல் விட்டுவிடும். பிறகு பட்டியலில் கொட்டகலையைத் தேடினால் பாதி ஆட்களைக் காணோம். இதற்கு மருந்து இருக்கிறது. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒரே வடிவமாக்குவதற்கு யுனிகோட் நியமமே வரையறுத்த இயல்பாக்கத்தைச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பூஸ்டின் லோகேல் நூலகம், யுனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யூ. என்ற பொது நிரல் நூலகத்தின் துணையோடு அதைச் செய்யும்.

மருந்துக்கு அடங்காத நோயும் உண்டு. கௌரி என்று எழுத வேண்டிய இடத்தில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் அடித்துக் கெளரி என்று பதிவு செய்திருப்பார்கள். ளகரம் முறையான மெய்யெழுத்து ஆகையால் எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது. கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரமாக மாற்றுவோம் என்று தமிழ் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வரி எழுதினால், தெளிவும் வெளியும் வெள்ளவத்தையும் சிதைந்து போகும். ளகரத்துக்குப் பின் வேறு குறியோ புள்ளியோ வந்தால் மாற்றாதே என்று விதியைத் திருத்தினால் இவை தப்பும். ஆனால் நம் சிறுகதைகளின் உரையாடலில் வரும் வெளக்கும் கெளம்பும் அப்போதும் அடிபடும். ஜேர்மனியிலோ கனடாவிலோ இருக்கும் பராமரிப்பாளருக்கு இது எப்படித் தெரியும்? இந்தச் சொற்களைச் சோதனைத் தரவாக எழுதி, எதிர்பார்க்கும் விடையையும் பக்கத்தில் வைத்து அனுப்பினால், அவர் அரை மணி நேரத்தில் புரிந்துகொள்வார். அந்தச் சோதனை நூலகத்தில் இருக்கும் வரை யாரும் அதே பிழையை மறுபடி நுழைக்க முடியாது. பைதனுக்கான ஓப்பன்-தமிழ் போன்ற நம்முடைய சொந்த நூலகங்களுக்கும் இது பொருந்தும்.

இந்த நாட்டுக்கு இத்துறை புதிதுமல்ல. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் இங்குள்ள தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற பேரிடர் முகாமைத்துவ மென்பொருள் பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்துக்கு அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகமாக மொரட்டுவை பல ஆண்டுகள் முன்னணியில் நின்றது. மலையகத்திலிருந்து அந்த வரிசையில் போனவர்கள் குறைவு. உயர்தரத்தில் கணிதப் பிரிவே இல்லாத தோட்டப் பாடசாலைகளை வைத்துக்கொண்டு இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. டேட்டா செலவும் ஒரு தடைதான். ஆனால் நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் கருவியில் ஆழத்தை (depth) ஒன்றாகக் குறைத்து இறக்கினால், பழைய வரலாறு இல்லாமல் இன்றைய நிரல் மட்டும் வரும். பூஸ்டில் முழுத் தொகுப்பையும் இறக்காமல் தேவையான நூலகத்தை மட்டும் எடுக்கலாம்.

சோதனைத் தரவு அனுப்புகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாடசாலையிலோ தோட்ட அலுவலகத்திலோ கிடைத்த பெயர்ப்பட்டியலை அப்படியே தூக்கிப் பொதுவெளியில் போட்டுவிடாதீர்கள். பொகவந்தலாவை, நோர்வூட் போன்ற ஊர்ப் பெயர்களும் அகராதிச் சொற்களும் போதும். ஏற்கெனவே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள், தாங்கள் எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம் சொல்வதை முதலில் படியுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதியதற்கும் உரிமை கோரும் ஒப்பந்தங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் மேலாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுக்கொள்வது போதாது. எந்த நூலகத்துக்கு, எந்த உரிமத்தின் கீழ் கொடுக்கிறீர்கள் என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு அனுப்புங்கள்.