இளவரசருக்குக் கண்ணீர், வீட்டுப் பிள்ளைக்குக் கேலி

பிரபலங்களின் தன்வரலாறுகளை வாசித்துவிட்டு, அல்லது வாசித்தவர் யாரோ யூடியூப்பில் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்த கதைச் சுருக்கத்தைக் கேட்டுவிட்டு, அவர்களுடைய பதின்ம வயதுத் துயரங்களுக்காக உருகுகிற பெரியவர்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். உருகட்டும்; அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அதே வாயால், முன்னால் நிற்கிற பிள்ளையைப் பார்த்து, "என்ன பிள்ளை, முகமெல்லாம் பரு போட்டுக் கிடக்கு? இப்பிடியே விட்டால் ஆர் உன்னைக் கட்டுறது?" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரிக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிரித்தானிய இளவரசர் ஹரியின் நூல் 2023 ஜனவரியில் வெளிவந்தது. தாயை இழந்த 12 வயதுச் சிறுவன் உலகமே பார்த்திருக்கச் சவப்பெட்டியின் பின்னால் நடக்க நேர்ந்ததை எங்கள் சொந்தத்தில் ஒரு மாமி சொல்லிச் சொல்லி மாய்ந்தார். "அந்தப் பிள்ளைக்கு அழக்கூட ஒரு இடம் குடுக்கேல்லையே" என்றார். நியாயமான பேச்சுத்தான். அதே மாமி சில நாட்களில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், குரல் உடைந்துகொண்டிருக்கும் என் அக்காவின் மகனைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னொருக்கா 'பாயாசம்' எண்டு சொல்லு பாப்பம்" என்று கேட்டு, அவன் கீச்சும் கரகரப்புமாகச் சொல்லி முடிக்க, பந்தி முழுவதையும் சிரிக்க வைத்தார். அவன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். இப்போது எந்த விசேடத்துக்குக் கூப்பிட்டாலும் ரியூசன் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறான். அதற்கும் "பெடியனுக்குத் திமிர் வந்திட்டுது" என்று மாமியிடம் விளக்கம் தயாராக இருக்கிறது.

பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 10 வயதில், 1992 இல், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பாடி முடித்து நின்றபோது, முதியவரான தொகுப்பாளர் அவளிடம் காதலன் இருக்கிறானா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் தான் எப்படி என்று வேறு கேட்டு வைத்தார். அந்தப் பழைய காட்சியை இன்று பார்க்கிறவர்கள் எல்லோரும் "சீ, என்ன மனுசன்" என்கிறார்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டே, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் "பள்ளிக்கூடத்தில ஆரையும் பாத்து வைச்சிருக்கிறியோ?" என்று கண்ணடிக்கிற சித்தப்பாமாரை மட்டும் பகிடிக்காரர் என்று சொல்லிக் கொண்டாடுகிறோம். பிள்ளை பதில் சொன்னால் வாய்க்காரி, சொல்லாமல் குனிந்தால் ஏதோ இருக்கிறது.

இதற்குத் திரைப்படமும் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றுகிறது. நாற்பதைத் தொட்ட கதாநாயகர்கள் மீசையை மழித்துச் சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட மாணவராக வந்து நிற்க, நாமும் கைதட்டுகிறோம். அந்த மாணவருக்குப் பருவும் இல்லை, பல்லுக் கம்பியும் இல்லை, வியர்வை நாற்றமும் இல்லை. திரையில் கூச்சம்கூட அழகாகத்தான் இருக்கிறது. உண்மையான கூச்சத்தோடு எதிரே நிற்கிற பிள்ளைதான் பார்க்கிறவர் கண்ணுக்குக் குறையாகத் தெரிகிறது.

டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசி 1990 பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியின் இறுதியாட்டத்தில் பொய்முடியோடு விளையாடினார் என்பதும், அது கழன்று விழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தார் என்பதும் அவருடைய 2009 ஆம் ஆண்டு நூலில்தான் வெளியே வந்தன. தன் வெட்கத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் தன்னிடமே வைத்திருந்து, தானே நாள் பார்த்து, கைதேர்ந்த எழுத்தாளர் ஒருவரின் துணையோடு சொற்களைத் தேர்ந்து, விலையும் பெற்றுக்கொண்டு அவர் சொன்னார். ஹரிக்கும் எழுத உதவியவர் அதே எழுத்தாளர், ஜே. ஆர். மோரிங்கர்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எதை எப்போது யாருக்குச் சொல்வது என்பதை அவர்கள் தீர்மானித்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த உரிமை இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

சாமத்திய வீட்டைப் பாருங்கள். தண்ணீர் வார்ப்பதும், பால் அறுகு வைப்பதும், ஆரத்தி எடுப்பதும் காலங்காலமாக நடப்பவை. அவற்றை நான் இங்கே இழுக்கவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தனக்கே பிடிபடாத நாட்களில், விடியற்காலையில் எழுப்பப்பட்டு, முகத்தில் ஒரு விரற்கடை தடிப்புக்குப் பூச்சுப் பூசப்பட்டு, கசூரினாக் கடற்கரைக்குக் கொண்டுபோகப்பட்டு, காதல் பாட்டொன்றுக்கு வாயசைக்க வைக்கப்படுகிறாளே, அதைச் சொல்கிறேன். தலைக்கு மேலே ட்ரோன் பறக்கிறது. வீடியோக்காரத் தம்பி "இன்னும் கொஞ்சம் வெக்கப்படுங்கோ பிள்ளை" என்கிறார். கடலில் குளிக்க வந்த பெடியள் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடிக்கிறார்கள். பிறகு மண்டபத்தில் ஆளுயரத் திரையில் அதே காட்சி, சாப்பாட்டு நேரம் முடியும் வரையில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வர முடியாத சொந்தங்களுக்காக அன்றிரவே முகநூலில் ஏற்றப்படுகிறது. விடிந்தால் பாடசாலையில் வகுப்புப் பெடியள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள்.

என் பெறாமகளுக்கு இப்படித்தான் நடந்தது. ஒரு கிழமை பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று அவளுடைய தகப்பனிடம் கேட்டேன். "அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ளை" என்றார். முந்தின நாள் மேடையில் நின்று, மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று ஊருக்கு அறிவித்தவரும் இதே மனுசன்தான். சரி, அந்த வீடியோவையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். "அதெப்பிடி எடுக்கிறது? இவ்வளவு லைக் வந்திருக்கு" என்று தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார்.