பழைய பத்திரத்தில் தெரு இருக்கிறது
வீடுகளை இடித்துவிட்டால் அந்தத் தெருவைப் பற்றி அறிய முதியவர்களின் நினைவைத் தவிர வேறு வழியில்லை என்று இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தர்மபுரியில் என் அப்பா வளர்ந்த ஓட்டு வீட்டு வரிசை இன்று இல்லை, கடைகளும் வண்டி நிறுத்தமும்தான் இருக்கின்றன. ஆனால் கிரயப் பத்திரங்களில் அந்தத் தெரு அப்படியே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சக்குபந்தி, அதாவது மனையின் நான்கு பக்க எல்லைகளை எழுதியிருப்பார்கள்: இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, பொதுக் கிணற்றுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு என்று. அடுத்தடுத்த மனைகளின் பத்திர நகல்களை வாங்கி எல்லைகளைப் பொருத்திக்கொண்டே போனால் தெருவையே வரைந்துவிடலாம். கிணறு எந்த மூலையில் இருந்தது என்று அப்பாவும் அத்தையும் ஆளுக்கொரு இடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பத்திரம்தான் தீர்த்துவைத்தது. 1941-ல் நின்றுபோன மொரப்பூர்–தர்மபுரி குட்டி ரயிலின் பாதைகூட ஒரு பத்திரத்தில் எல்லையாக வருகிறது! இதே கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், தர்மபுரி கலெக்டர் ஆபீஸில் பழைய ஆவணமே இல்லை என்று வருந்தியிருக்கிறார். தர்மபுரி தனி மாவட்டமானதே 1965-ல்தான், அதற்கு முன் எல்லாம் சேலம் மாவட்டம். ஆகவே சேலத்திலும் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள், அது அவ்வளவு பழைய ஆண்டுகளுக்குப் போகாமல் இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் எழுதிய பழைய பதிவேட்டில் தேடச் சொல்ல வேண்டும். முதியவர்களிடம் அவசியம் கேளுங்கள், ஆனால் பத்திரத்தில் உள்ள பெயர்களைப் படித்துக் காட்டிக் கேளுங்கள். யார் வீடு எது, யார் எப்போது விற்றுவிட்டுப் போனார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள்.