ரம்பம் எதற்கு, கருக்கு இருக்க?

நேற்று ஒரு செடியைப் பற்றிய மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதன் இலை விளிம்பு 'ரம்பத்தின் பற்களைப் போன்ற வெட்டுகளைக் கொண்டதாக' இருக்கிறதாம். ஒரே பக்கத்தில் நான்கு தடவை. நாலாவது தடவை எனக்கே பல் கூசிவிட்டது.

'கருக்கு' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறதே! பனைமட்டையின் இரு ஓரமும் கறுத்து, கெட்டியாக, ஒழுங்கில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள்தான் கருக்கு. யோசிக்காமல் மட்டையைப் பிடித்து இழுத்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கதிர் அறுக்கும் அரிவாளுக்கும் அதே சொல். கருக்கரிவாள் என்றால் வாயில் பொடிப்பல் வெட்டியது. விறகு வெட்டும் அரிவாளுக்கு அது கிடையாது. ஓங்கிப் போடுகிற வெட்டுக்குப் பல் எதற்கு? நெல்தாளைக் கொத்தாகப் பிடித்து இழுத்து அறுக்கும்போதுதான் பல்லுக்கு வேலை. இழுப்பின் அழுத்தம் முழுவதும் பல்நுனிகளில் இறங்கும், தாள் வழுக்கி ஓடாது.

அகராதியில் கருக்குக்குப் 'புதுமை' என்றும் ஒரு பொருள் உண்டு. பல் இன்னும் தேயாத அரிவாளிலிருந்து வந்திருக்குமோ என்பது என் ஊகம், அவ்வளவுதான்.

சரி, எல்லா இலைக்கும் கருக்கு பொருந்துமா? பொருந்தாது. பனை, தாழை, கற்றாழை என்று கையைக் கிழிப்பவற்றுக்குச் சரி. வல்லாரையின் விளிம்பு வட்ட வட்டமாக மழுங்கியது, அதைக் கருக்கு என்றால் சிரிப்பார்கள். வேப்பிலையில் பற்கள் உண்டு, ஆனால் நுனியைப் பார்த்துச் சாய்ந்த மென்மையான பற்கள். அதற்கும் பழைய சொல் இருக்கிறது. பாண்டியரின் வேப்பந்தாரைச் சொல்லும் பொருநராற்றுப்படை 'அரவாய் வேம்பு' என்கிறது. இரும்பை அராவும் அரம் போன்ற வாய், அதாவது விளிம்பு. நாலே எழுத்தில் முடித்துவிட்டார் புலவர். நமக்குத்தான் ஒரு வரி தேவைப்படுகிறது.

'இதெல்லாம் இப்போது யாருக்குப் புரியும்?' என்பார்கள். எழுத்தாளர் பாமா 1992-இல் தன் புத்தகத்துக்குக் 'கருக்கு' என்றுதான் பெயர் வைத்தார். ஆங்கிலத்துக்குப் போனபோதும் அந்தத் தலைப்பு மாறவில்லை. வேற்றுமொழிக்காரர் வாயில் நுழைந்த சொல் நம் பாடநூலில் நுழையக் கூடாதா என்ன?

நான் திருத்திய செடியின் இலை வேப்பிலை வகைதான், கையைக் கிழிக்கும் கருக்கு அல்ல. அதனால் நான்கு இடத்திலும் 'அரவாய் விளிம்பு' என்று மாற்றி அனுப்பியிருக்கிறேன், முதல் இடத்தில் மட்டும் 'வேப்பிலையைப் போல' என்று சேர்த்து. ரம்பத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் சண்டைதான்.