நாற்காலியும் அதேதான், மருந்தும் அதேதான்

திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோதெரபி தொடங்கியது. அதன் பிற்பகுதியில், கீமோ மருந்தோடு டிராஸ்டுசுமாப் என்ற ஊசியும் சேர்ந்தது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு, ஹெர்2 என்ற புரதம் மிகையாக இருக்கும் வகையைச் சேர்ந்தவை; அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு கட்டியின் வளர்ச்சியைத் தடுப்பதே இந்த மருந்தின் வேலை. 21 நாட்களுக்கு ஒரு முறை, ஓராண்டுக்கு, மொத்தம் 18 முறை போட வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்தார்.

முதல் நான்கு முறை கீமோவும் இந்த ஊசியும் ஒரே நாளில் ஏற்றப்பட்டன. காப்பீட்டு நிறுவனம் கேள்வி எதுவும் கேட்காமல் பணம் தந்தது. ஐந்தாவது முறை கீமோ முடிந்துவிட்டதால் டிராஸ்டுசுமாப் மட்டும் போட வேண்டியிருந்தது. அன்று காலை மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, போன தடவை கீமோன்னு போட்டோம், அப்ரூவல் வந்துச்சு. இப்ப கீமோ முடிஞ்சிடுச்சே, ஹோல்டுல போட்டிருக்காங்க" என்றார். அந்தப் பெண் மீது எந்தப் பிழையும் இல்லை. அவர் எங்களுக்காகப் பலமுறை தொலைபேசியில் மன்றாடினார்.

நாங்கள் ஏற்கெனவே கொடுத்திருந்த ஹெர்2 பரிசோதனை அறிக்கையைக் காப்பீட்டு நிறுவனத்தினர் மறுபடி கேட்டார்கள், கொடுத்தோம். இந்த ஊசி ஏன் தேவை என்று மருத்துவரிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தோம். இப்படியே 12 நாட்கள் கழிந்த பின் மறுப்புக் கடிதம் வந்தது. இது கீமோதெரபி அல்ல, 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லாத சிகிச்சை, புறநோயாளிப் பிரிவிலேயே தரக்கூடியது, ஆகவே பாலிசியின்படி ஏற்க இயலாது என்பது அதன் சாரம். சிகிச்சை முடிந்து அன்றே வீடு திரும்புகிறவர்களுக்கான அதே டே கேர் அறை, ஜன்னலோரத்தில் அதே நீல நாற்காலி, அதே செவிலியர், அதே மருந்து. நான்கு முறை பாலிசிக்குள் இருந்த சிகிச்சை, உடன் வந்த இன்னொரு மருந்து முடிந்துவிட்டது என்பதற்காக ஐந்தாவது முறை பாலிசிக்கு வெளியே போய்விட்டது.

அந்த 12 நாள் தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது. இந்த மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்ற கணக்கில் தருவார்கள். ஆனால் ஒரு தவணை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால், முதல் தவணையில் கொடுத்ததைப் போல கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்ற அளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அக்காவின் எடை 62 கிலோ. வழக்கமாக 372 மில்லிகிராம் போதும். அன்று 496 தேவைப்பட்டது. குப்பியில் இருப்பது 440. எனவே இரண்டாவது குப்பியையும் வாங்கி வரச் சொன்னார்கள். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே இரண்டு சின்னக் குப்பிகளை வைத்துக்கொண்டு மருந்தகத்திலிருந்து படியேறிய அந்த நிமிடம் எனக்கு மறக்கவில்லை. ஒரு குப்பியின் விலையே அக்காவின் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். அத்தான் அதற்கு முந்தைய நாள்தான் வளையல்களை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார்.

நம் நாட்டு மருத்துவக் காப்பீடு கட்டிலை மையமாக வைத்துக் கட்டப்பட்டது என்பதை நான் அப்போதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். 24 மணி நேரம் படுத்திருந்தால் பணம். அல்லது டே கேர் பட்டியலில் பெயர் இருந்தால் பணம். வீட்டுக்கு வந்த பிறகு பாலிசியைப் பொறுத்து 60 நாளோ 90 நாளோ மருந்துச் செலவு. அறுவை சிகிச்சையே பெரிய வைத்தியமாக இருந்த காலத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தியிருக்கலாம். இன்று புற்றுநோய், முடக்குவாதம், விழித்திரை நோய் எனப் பலவற்றிலும் வைத்தியத்தின் பெரும்பகுதி அரை மணி நேரத்தில் ஏறிவிடும் ஊசியிலும், வீட்டில் தண்ணீரோடு விழுங்கும் மாத்திரையிலும் இருக்கிறது. நோயாளி படுக்கையில் கிடக்காமல் வேலைக்குப் போய்வர முடிவது மருத்துவத்தின் வெற்றி. அந்த வெற்றியையே மறுப்புக்குக் காரணமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இமாடினிப் மாத்திரையை எண்ணிப் பாருங்கள். ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு நாள்தோறும் விழுங்க வேண்டிய அந்த மாத்திரையின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஏப்ரல் 1 அன்று அந்த நிராகரிப்பு உறுதியானது; மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கக்கூடிய மாத்திரை, காப்புரிமை இல்லாததால் பல நிறுவனங்களும் தயாரிக்கக்கூடிய பொது மருந்தாக அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் கிடைக்கும் நிலை நிலைத்தது. விலையில் அவ்வளவு பெரிய போராட்டத்தை வென்ற பிறகும், மருத்துவமனைக் கட்டிலையே காணாமல் வீட்டில் மாத்திரை விழுங்குகிறவர் காப்பீட்டுத் தொகை கேட்டால், எப்போது அட்மிட் ஆனீர்கள் என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், 12 நவீன சிகிச்சை முறைகளை பாலிசிகள் விலக்கி வைக்கக் கூடாது என்று சொன்னது. வாய்வழிக் கீமோதெரபி, கண்ணுக்குள் போடும் ஊசி, டிராஸ்டுசுமாப் போல ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் குறிவைக்கும் மருந்துகள் அடங்கிய மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆனால் அவற்றுக்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளும் உரிமையையும் நிறுவனங்களுக்கே விட்டுவிட்டது. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்க வேண்டிய ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியிலேயே இந்த முறைகளுக்குக் காப்பீட்டுத் தொகையில் பாதிதான். ஐந்து லட்சம் என்று நம்பி வாங்கியவர், தனக்கு வந்த நோய்க்கு அது இரண்டரை லட்சம்தான் என்பதை மருத்துவமனையில் நிற்கும்போதுதான் அறிகிறார்.

காப்பீட்டு நிறுவனங்கள் எந்தக் கேள்வியும் கேட்காமல் பணம் தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொய் பில்கள் இருக்கின்றன, தேவையில்லாத மருந்துகளும் எழுதப்படுகின்றன; பொய்க் கணக்குக்குப் போகும் பணம் நாம் எல்லோரும் கட்டிய பிரீமியம்தான். மருந்து தேவையா என்று கேட்கட்டும். ஆனால் டிராஸ்டுசுமாப், அரசின் தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ள மருந்து. எங்களுக்கு வந்த கடிதத்தில் அது தேவையற்றது என்று ஒரு வரிகூட இல்லை. படுத்திருந்த நேரம் போதாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். அக்காவை ஒருமுறையும் பாராத ஒருவர், தம் பெயரையோ மருத்துவப் பிரிவையோ குறிப்பிடாமல், புற்றுநோய் மருத்துவர் எழுதிய சீட்டைத் தள்ளிவிட முடிகிறது. மறுக்கிறவர் அதே துறையின் மருத்துவராக இருக்க வேண்டும், கையெழுத்திட வேண்டும். வழக்கு முடியும் வரை தொடங்கிய மருந்து நிற்காமல் இருக்க நிறுவனம் பணம் கட்ட வேண்டும். இவற்றை ஆணையம் விதியாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இப்படிக் கடிதம் கையில் வந்து நிற்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நாங்கள் செய்ததையும் எழுதுகிறேன். ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி, மறுப்பு எந்த விதியின் கீழ் என்று நிறுவனம் எழுத்தில் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஏற்காமல் எந்தக் கிளைமையும் மறுக்கக் கூடாது. எனவே விதி எண்ணைக் கேட்டு எழுதுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை; அங்கே வழங்கப்படும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

நாங்கள் அங்கே போனோம். விசாரணை காணொலியில் நடந்தது. அக்கா தானே பேசினார். முதல் நான்கு பில்களையும் ஐந்தாவதையும் கேமராவின் முன் அருகருகே பிடித்துக் காட்டி, மருந்தின் பெயரை மட்டும் விரலால் தொட்டார். பாலிசி விதிகளின்படி தொகையை வழங்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தபோது அக்கா பதின்மூன்றாவது ஊசியைப் போட்டு முடித்திருந்தார். பணம் வந்தது. ஐந்தாவது பில்லில் மட்டும் ஒரு குப்பியின் விலையைக் கழித்திருந்தார்கள். ஒரு தவணைக்கு இரண்டு குப்பிகள் ஏன் என்று அதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அந்த 12 நாட்களின் தேதிகளை வரிசையாக எழுதி, மருத்துவரின் கையெழுத்தோடு நேற்றுப் பதில் அனுப்பியிருக்கிறோம்.