காப்பி விலையை எந்த முனையிலிருந்து எண்ணுவது?

ஒரு கிலோ வறுத்த காப்பிக்கொட்டை கிடைக்க வேண்டுமானால், செடியிலிருந்து ஏறத்தாழ 7 கிலோ பழம் பறித்தாக வேண்டும். தோலும் சதையும் நீங்கி, கொட்டை உலர்ந்து, மேலோடும் உரிந்து பச்சைக் கொட்டையாகும்போது 5 அல்லது 6 கிலோ பழம் ஒரு கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. வறுக்கும்போது அதிலும் 15 முதல் 20 விழுக்காடு எடை போய்விடுகிறது. ஒரே கிளையில் பச்சைக் காயும் சிவந்த பழமும் கலந்து நிற்பதால், தரம் வேண்டுமென்பவர் அதே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வந்து, பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். நட்ட செடி காய்ப்புக்கு வருவதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். காப்பிக்கு நியாயமான விலை எது என்ற பேச்சு இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது பெரும்பாலும் மறுமுனையிலிருந்து, அதாவது சந்தை விலையிலிருந்து தொடங்குகிறது.

காப்பியின் இரு முக்கிய வகைகளில் அரபிகாவின் விலை, பின்னாளில் தரும் சரக்குக்கு இன்றே விலை பேசும் நியூயார்க் முன்பேரச் சந்தையிலும், ரோபஸ்டாவின் விலை லண்டனிலும் நிர்ணயமாகின்றன. ஏற்றுமதி ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அந்த விலையோடு இத்தனை சென்ட் கூட்டியோ குறைத்தோ எழுதப்படுகின்றன. பிரேசிலில் உறைபனி பெய்தாலும், டாலரின் மதிப்பு ஆடினாலும், காப்பிச் செடியைக் கண்ணால் கண்டிராத முதலீட்டாளர்கள் ஒரே நாளில் விற்கத் தொடங்கினாலும் அந்த எண் அசையும். உரத்தின் விலை ஏறினாலோ, பறிப்பதற்கு ஆள் கிடைக்காமல் போனாலோ அது பெரும்பாலும் அசைவதில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். காப்பி விவசாயியின் நிலை அதற்கும் ஒரு படி கீழே. கணக்குப் புத்தகமே அவர் கையில் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1962-இல் கையெழுத்தான பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கை, ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வகுத்து விலையை ஓரளவு தாங்கிப் பிடித்தது. அந்த ஏற்பாட்டில் குறைகள் இல்லாமலில்லை. விலை உயர்வின் பலனைப் பல நாடுகளில் அரசு வாரியங்களே விழுங்கின. இருந்தாலும் 1989 ஜூலையில் அந்தப் பங்கீட்டு முறை முறிந்தபோது, சில மாதங்களிலேயே விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. 2001-இல் அரபிகா ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 50 சென்டுக்கும் கீழே போனது. மத்திய அமெரிக்காவில் பழுத்த பழத்தைப் பறிக்காமலேயே விட்டுவிட்டு ஊரைக் காலி செய்த குடும்பங்கள் ஏராளம், ஏனென்றால் பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டவில்லை.

மெக்சிகோவின் ஓஹாகா மலைப்பகுதி விவசாயிகளின் காப்பியைக் கொண்டு 1988-இல் நெதர்லாந்தில் அறிமுகமான மாக்ஸ் ஹவலார் முத்திரையிலிருந்துதான், விவசாயிக்கு நியாயமான விலை தரப்பட்டது என்று பாக்கெட்டில் சான்று சொல்லும் இன்றைய ஃபேர்டிரேட் வளர்ந்தது. சந்தை எவ்வளவு சரிந்தாலும் இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று ஒரு தரைவிலையை வகுத்தது அதன் பெரிய சாதனை. 2001-இல் அந்தத் தரைவிலை பலரைக் காப்பாற்றியது. ஆகவே முத்திரைகளையெல்லாம் வெறும் விளம்பரம் என்று ஒதுக்குவோருடன் நான் சேரமாட்டேன். ஆனால் அந்தத் தரை எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று கேட்காமலும் இருக்க முடியாது. கழுவிப் பதப்படுத்திய அரபிகாவுக்கு 2011-இல் பவுண்டுக்கு 1.40 டாலர் என்று வைக்கப்பட்ட குறைந்தபட்ச விலை, 2023 ஆகஸ்டில் 1.80 ஆக உயர்த்தப்படும் வரை 12 ஆண்டுகள் அப்படியே நின்றது. அந்த ஆண்டுகளில் உரமும் மருந்தும் பள்ளிக் கட்டணமும் நின்றிருக்குமா என்ன?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் ஆண்டுக்கு 500 கிலோ பச்சைக் கொட்டை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 1,100 பவுண்டு. 1.40 டாலர் வீதம் ஆண்டுக்கு 1,540 டாலர், நாளுக்கு நான்கு டாலரும் சில்லறையும். அதுவும் அந்தக் குடும்பத்தின் கைக்கு வரும் தொகை அல்ல. குறைந்தபட்ச விலை என்பது துறைமுகத்தில் கப்பலேற்றும் நிலையில் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடைக்கும் விலை. அரைவை, தரம்பிரிப்பு, லாரி, தணிக்கைக் கட்டணம், சங்கத்தின் கடன் வட்டி எல்லாம் கழிந்த பிறகே விவசாயியின் பங்கு. அதிலிருந்து அவர் தம் உரத்துக்கும் கூலிக்கும் கொடுத்தாக வேண்டும். போதாக்குறைக்கு, சான்றிதழ் பெற்ற சங்கங்கள் பலவும் தங்கள் விளைச்சலில் ஒரு பகுதியைத்தான் அந்த முத்திரையோடு விற்க முடிகிறது. வாங்க ஆளில்லாத மீதியைச் சாதாரணக் காப்பியாகவே தள்ளிவிட வேண்டியிருக்கிறது. முழு விளைச்சலுக்கும் நெறிகளைப் பின்பற்றும் செலவு அவர்களுடையது, பலனோ ஒரு பகுதிக்கு மட்டும்.

2025 பிப்ரவரியில் நியூயார்க் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியபோது, இனி விவசாயிக்கு என்ன குறை என்று சிலர் கேட்டார்கள். விலை ஏறியதற்குக் காரணம் வறட்சியும் விளைச்சல் குறைவும். விற்கக் கொட்டை இல்லாதவருக்கு உயர்ந்த விலையால் ஆவதென்ன? முன்கூட்டியே பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டிருந்த சங்கங்கள், வாசலுக்கே வந்து ரொக்கம் நீட்டிய தரகர்களிடம் உறுப்பினர்கள் விற்றுவிட்டதால் சரக்கு கிடைக்காமல் திண்டாடின. ஏற்றத்திலும் இறக்கத்திலும் அதிர்ச்சியைத் தாங்குவது, தாங்கும் வலுவே இல்லாத அந்த ஒரே முனைதான்.

அதனால்தான் விலையைப் போலவே பணம் வரும் காலத்தையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். காப்பிப் பணம் அறுவடைக் காலத்தில் மட்டும் வரும். கவாத்தும் களையெடுப்பும் உரமும் ஆண்டு முழுவதும் இருக்கும். கையிருப்பு தீர்ந்து அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கும் காலத்துக்கு மத்திய அமெரிக்காவில் ‘மெலிந்த மாதங்கள்’ என்றே பெயர். அந்த மாதங்களில் தரகர் கொடுக்கும் முன்பணத்துக்காக, பூத்த நிலையிலேயே விளைச்சலை அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 விழுக்காடு வரை வாங்குபவர் முன்பணமாகத் தர வேண்டும் என்று ஃபேர்டிரேட் நெறி சொல்கிறது. முத்திரையில் தெரியாத இந்த விதி, பல வேளைகளில் தரைவிலையைவிட அதிகம் உதவக்கூடியது என்று நினைக்கிறேன்.

ஆக, அறத்தோடு கொள்முதல் செய்கிறோம் என்று சொல்லும் நிறுவனத்திடம் நான் கேட்பது மூன்றே செய்திகள்: தோட்டத்து வாசலில் விவசாயிக்குக் கொடுத்த விலை, அதே விவசாயிகளிடம் எத்தனை ஆண்டுகளாக வாங்குகிறார்கள் என்பது, பணம் எப்போது கொடுத்தார்கள் என்பது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடமே வாங்குகிறோம் என்ற பொருளில் பாக்கெட்டில் ‘நேரடி வணிகம்’ என்று அச்சிட்டிருந்த, காப்பி வறுத்து விற்கும் ஒரு நிறுவனத்துக்கு ஒருமுறை எழுதிக் கேட்டேன். சந்தை விலைக்கு மேல் தருகிறோம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சந்தை விலையே அடக்க விலைக்குக் கீழே இருந்தால் அதற்கு மேல் என்பதற்கு என்ன பொருள் என்று மீண்டும் எழுதினேன், பதில் இல்லை. ‘நேரடி வணிகம்’ என்ற சொல்லுக்கு எல்லோரும் ஏற்ற வரையறையும் கிடையாது, தணிக்கையும் கிடையாது. இதோடு ஒப்பிட்டால், 1927-இல் தொடங்கிய கொலம்பியாவின் காப்பி விவசாயிகள் கூட்டமைப்பு ஒவ்வொரு நாளும் உள்நாட்டுக் கொள்முதல் விலையை வெளிப்படையாக அறிவிப்பது எவ்வளவோ மேல். இன்றைய விலை தெரிந்த விவசாயியைத் தரகர் அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது.

இன்னொரு தரப்பையும் நாம் மறந்துவிடுகிறோம். சிறு விவசாயியும் பறிப்புக் காலத்தில் ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும். வருபவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். சில வாரங்கள் தங்கி, பறித்த எடைக்குக் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது, தணிக்கையாளர் வரும் நாளில் அவர்கள் அங்கே இருப்பதும் அரிது. விவசாயிக்கு விலை கட்டாதபோது முதலில் குறைவது இவர்களுடைய கூலிதான். விலை உயரும்போது அந்தக் கூலி அதே வேகத்தில் ஏறுகிறதா என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. இப்போதெல்லாம் தோட்டத்து விலையை அச்சிடும் ஒன்றிரண்டு பாக்கெட்டுகளைப் பார்க்கிறேன், மகிழ்ச்சிதான். ஒரு கூடை பழத்துக்குக் கொடுத்த கூலியை அச்சிட்ட பாக்கெட் எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை.